ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு

வங்கி திறக்கிறது. வானிலை திறக்கிறது.
நாளைக் காற்று நொடிக்குப் பதினெட்டு மீட்டர் என்று
துல்லியமாகவே சொல்கிறது.
செய்தித்தாள் பாதித் தலைப்போடு நின்றுவிட்டது.
காய்திஸ் அனுப்பிய குரல் மட்டும்
திங்கள் இரவிலிருந்து
டேப்லெட்டில் ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
பதினோரு நிமிடம், நான்கு விநாடி.

அவனுக்கு அயர்லாந்தில் காளான் பண்ணை, இரவு வேலை.
எனக்கு ஐந்து நாற்பதுக்கு முதல் டிராம்.
லியேபாயாவில் ஒரே தடம்தான்,
வழி தவற எனக்கு வாய்ப்பே கிடையாது.
சட்டைப்பையில் இருப்பதோ பட்டன் போன்.

ரூட்டரைப் பிடுங்கி முப்பது எண்ணினேன்.
மறுநாள் நூறு எண்ணினேன்.
கேபிளை மாற்றினேன். டிஎன்எஸ்ஸை மாற்றினேன்,
வரிசையாக எட்டு எட்டாக ஏதோ ஒன்று.
கடிகாரம் தப்பாக இருந்தாலும் இப்படி ஆகுமாம்;
கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.
உதவி எண்ணில் தூக்கம் கலையாத ஒரு பையன்:
பச்சை விளக்கு எரிகிறதா?
எரிகிறது.
அப்படியானால் பிரச்சினை இல்லை, அம்மா.
இருபத்திரண்டு வருடமாக விளக்கை நம்பி வண்டி ஓட்டுகிறவளிடம்
வேறென்ன சொல்வான்.

எழுத்து மட்டும் தடையில்லாமல் வந்தது.
*கேட்டாயா?*
கேட்டேன் என்று எழுதினேன்.
ஏன் அப்படி எழுதினேன்?
போன மாதம் படம் வரவில்லை என்றதற்கு
உனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று என்றான்.
அதனாலாக இருக்கலாம். களைப்பாகவும் இருக்கலாம்.
*அப்போ சரிதானே?*
சரி.
ஒரு சிவப்பு இதயம் அனுப்பினான்.
அதுவும் வந்து சேர்ந்தது.
சின்னதெல்லாம் வந்து சேர்ந்தது.

என் வைஃபையில் கேளுங்களேன் என்றாள்
மேல்மாடி டாக்னியா, கப்பல் பட்டறையில் வெல்டர்.
வேண்டாம், என் வீட்டில்தான் வரவேண்டும் என்றேன்.
அவள் தன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள்,
கருப்புத் திரையிலிருந்து ஒரு பொட்டலத்தை அனுப்பினாள்,
வழியில் யாரும் உடைக்கக்கூடாது என்ற கட்டளையோடு.
ஆயிரத்து நானூறு: பதில் வந்தது.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு: கிணற்றில் போட்ட கல்.
அறுபத்தைந்து: கல்.
அறுபத்துநான்கு: வந்தது.

எட்டு பைட், என்று சிரித்தாள்.
திங்கட்கிழமை எதையோ மாற்றியிருக்கிறார்கள்,
வழியில் ஒரு வாசல் எட்டு பைட் குறுகிவிட்டது.
பெரிதாக ஒன்று வந்தால்
இது நுழையாது, குறைத்து அனுப்பு என்று
அந்த வாசல் சொல்லியாக வேண்டும்.
யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.
அனுப்புகிறவன் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறான்.
நீங்கள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ரூட்டரில் ஆயிரத்து ஐந்நூறை அழித்து
வேறு எண்ணைப் போட்டாள். சேமி.
செய்தித்தாள் மீதித் தலைப்பைச் சொல்லி முடித்தது,
மீன் ஆலையில் ஏதோ தகராறு.
வட்டம் முக்கோணமானது.

அவள் படியேறிப் போகும்வரை பொறுத்திருந்து
அமுக்கினேன்.
முதல் நிமிடம் முழுக்க மழை, ஒரு லைட்டர்.
இரண்டாவதில், புகைப்பதை விட்டுவிட்டேன் என்றான்.
ஏழாவதில்தான் விஷயத்துக்கு வந்தான்.
இரண்டு அறை. சமையலறைக்குக் கிழக்கு ஜன்னல்.
நாய்க்கும் அனுமதி உண்டு.
அந்த ஊரில் டிராம் இல்லை, பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள்.
உன் பெயரையும் சேர்த்து எழுதிவிடவா, வெல்கா?
சரி என்று ஒரு வார்த்தை சொல்,
வியாழக்கிழமை முன்பணம் கட்டிவிடுகிறேன்.
வேண்டாமென்றாலும் சொல்லிவிடு,
கோபித்துக்கொள்ளமாட்டேன்.

இன்று வெள்ளி.

நீளமாக ஒன்று தட்டினேன்.
இனி நீளமானதும் போகும் என்று தெரிந்தபிறகு
அதைப் படித்துப் பார்த்து, அழித்துவிட்டு,

நம்மிடம் நாய் இல்லையே, காய்திஸ்

என்று மட்டும் அனுப்பினேன்.
ஒரு டிக்.
கெட்டிலை அடுப்பில் வைத்துத் திரும்புவதற்குள்
இரண்டாவது.